சோறு பத்தாத வீட்டின் நீராகாரம்

பழைய சோற்றின் பெருமையை யாராவது பேசத் தொடங்கினால் எனக்குள் ஏதோ நெருடுகிறது. சொல்வது பொய் என்பதால் அல்ல. இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய சோற்றில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, குடலுக்கு அவை நல்லது செய்கின்றன என்பதில் எனக்குத் தகராறு இல்லை. உணவகங்களில் மண்சட்டியில் பழையதும் மோர்மிளகாயும் சுண்டக்குழம்பும் வைத்து விலை போட்டு விற்பதிலும் தப்பில்லை. எதையாவது விற்றுத்தான் ஆக வேண்டும். நெருடுவது வேறு. இந்தப் புகழ்ச்சியில் பானை இருக்கிறது, பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், நாற்று நட்டே முதுகு வளைந்துபோன ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. நீராகாரம் குடித்தால் வயிறு குளிர்ந்து இருக்குமாமே என்றேன். "குளுந்துதான் தம்பி இருந்துச்சு. ஆனா நீத்தண்ணி எதுக்குக் குடிச்சோம்? சோறு பத்தாதுல்ல. பழையதப் புழிஞ்சு ஆம்பளைக்கும் புள்ளைவளுக்கும் வச்சுட்டு, அடியில நிக்கிற தண்ணியில உப்பப் போட்டு நான் குடிச்சுட்டு நடவுக்கு ஓடுவேன்" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை மடக்கினார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பதிலை என்னால் எளிதாகக் கடந்துவர முடியவில்லை. புளித்த தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நிறைய மிதக்கின்றன. அப்படியானால் அந்த வீட்டில் குடலுக்கு நல்லது என்று இன்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு வீட்டுக்காரிக்குப் போயிருக்கிறது. வயிற்றுக்குச் சோறு மிகக் குறைவாகப் போனதும் அவருக்குத்தான். பசியும் நுண்ணுயிரும் ஒரே பானையில் இருந்தன. எதை எடுத்தாலும் மற்றதும் கூடவே வந்தது. பிறகு ஒரு காலம் வந்து பசி கொஞ்சம் விலகியபோது, அந்தப் பானையையே மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதைத் தவறு என்று சொல்ல எந்த நாக்குக்கும் உரிமை இல்லை. ஆனாலும் கவிழ்த்ததோடு வேறு எதுவோ நின்றுபோயிற்று என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்பதுதான் வெகுநாளாக எனக்குள் கிடக்கும் சங்கடம்.

பானைக்குள் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வடித்த சோறு ஆறும்போது, வெந்து குழைந்த மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகிக்கொள்கிறது. சிறுகுடலின் நொதிகளால் அதைச் சுலபமாக உடைக்க முடியாது. செரிக்காமலே பெருங்குடல் வரை போகும் அதை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். கீரையின் நார், பயற்றின் தோல், வாழைத்தண்டு, வாழைக்காயின் மாவு எல்லாம் போய்ச் சேரும் வழியும் இதுதான். நாம் சாப்பிடுவதில் ஒரு பங்கு நமக்கில்லை, உள்ளே இருக்கும் அந்த பாக்டீரியாக்களுக்கு. அந்தப் பங்கு நின்றுபோனால் அவற்றில் சில வகைகள், குடல் சுவரைக் காத்து நிற்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. சோற்றின் மேல் தண்ணீர் மூடி நின்று அது நன்றாகப் புளிக்கும்போது, அமிலம் ஏறிக் கெட்ட கிருமிகளை அடக்கிவிடுகிறது. அதே சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்படியில் வெறுமனே போட்டு வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து வாந்தியில் கொண்டுவிடும். கைப்பிடித் தண்ணீர் செய்யும் வித்தியாசம் இது. மண்பானையின் துளைகளில் நேற்றைய புளிப்பு தங்கியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய எவர்சில்வர் பாத்திரத்தில், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில், அந்தப் புளிப்பு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. இட்லியும் புளித்த மாவுதானே என்று சிலர் கேட்பதுண்டு. புளித்ததுதான். ஆனால் ஆவியில் வேகும்போது அதிலுள்ள உயிர்கள் மடிந்துவிடுகின்றன. பழையதும் மோரும் உயிரோடு உள்ளே போகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோறு ஒரு ராத்திரி ஊறினால் அதன் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடிவிடும் என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். பானையிலோ தண்ணீரிலோ இல்லாத இரும்பை எந்த பாக்டீரியாவும் உண்டாக்க முடியாது. நடப்பது இதுதான்: தானியத்தில் இரும்பைக் கட்டிப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிப்பில் ஓரளவு உடைகிறது, ஏற்கெனவே இருந்த இரும்பு உடம்பில் சேர்வது சுலபமாகிறது. உண்மை இந்த அளவிலேயே அழகாக இருக்கிறது. அதை ஊதிப் பெரிதாக்கி அனுப்புகிறவர்கள் பழையதற்கு நன்மை செய்யவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறை, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று அரசு நிதியோடு ஆய்வில் இறங்கியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு, இது கடைசியில் சோதனைக்கு வந்ததே என்பதால்தான்.

தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தன. கிராமத்து ஆண்களை இரண்டு வாரம் நகரத்துச் சாப்பாட்டுக்கு மாற்றினார்கள்: வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, பொரித்த பண்டங்கள். நகரத்து ஆண்களை அவர்களுடைய பாட்டன் பாட்டி சாப்பிட்ட கீரை, அவரை, வாழைக்காய் உணவுக்கு இரண்டு வாரம் கொண்டுபோனார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டத்துக்கு வாழைப்பழமும் கேழ்வரகும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ம்பேகே என்ற பானத்தை ஒரு வாரம் கொடுத்தார்கள். மொத்தம் 77 பேர். நகரத்துச் சாப்பாட்டுக்குப் போனவர்களின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் ஏறின, கிருமிகளை எதிர்கொள்ளும் திறன் மங்கியது. பழைய உணவுக்கும் ம்பேகேவுக்கும் போனவர்களிடம் அழற்சி இறங்கியது. சில மாற்றங்கள் சோதனை முடிந்து நான்கு வாரம் ஆன பிறகும் தெரிந்தன. அதற்குப் பத்தாண்டு முன்பே, 2015இல், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பினத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டபோது, அமெரிக்கர்கள் உண்ட நார் நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது, ஆப்பிரிக்கர்களுடையது 66இலிருந்து 12ஆக இறங்கியது. அதற்கேற்ப பியூட்டிரேட்டும் ஏறியது, இறங்கியது. இரண்டே வாரம். ம்பேகேவைப் பற்றிப் படித்தபோது எனக்கு நீராகாரம் ஞாபகம் வராமல் இருக்குமா? அங்கே வாழையும் கேழ்வரகும், இங்கே புழுங்கலரிசி. ஆனால் அந்த ஆய்வில் கோடு தெளிவாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது: கிராமம் இந்தப் பக்கம், நகரம் அந்தப் பக்கம். அந்தக் கோட்டை எடுத்துவந்து தஞ்சாவூர் வரைபடத்தின் மேல் வைத்தபோது அது எங்கேயும் பொருந்தவில்லை.

ஏனென்றால் நகரம் இங்கே வருவதற்கு முன்பே நகரத்துச் சோறு இங்கேதான் தயாரானது. உமி போய், தவிடு போய், முளை போய்ப் பளபளக்கும் வெள்ளை அரிசி காவிரி டெல்டாவுக்கு வெளியிலிருந்து வந்த பண்டம் அல்ல. டெல்டா ஊருக்கெல்லாம் அனுப்பிய பண்டம். உரலும் உலக்கையும் ஒதுங்கி ஹல்லர் மில் வந்தபோது பெண்களின் தோள்வலி போனது, கூடவே தவிடும் போனது. அது இன்று எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் போகிறது. குன்னூரில் உணவு ஆய்வாளர் ராபர்ட் மக்காரிசன் 1920 வாக்கில், உயர் அழுத்த ஆவியில் வைத்து உயிர்ச்சத்தை அழித்த அரிசியைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் குடல்கள் சுவர் மெலிந்து, புண்பட்டுப் போயிருந்தன. பிறகு இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, கோதுமையும் பாலும் கீரையும் தின்ற சீக்கிய உணவு எலிகள் முதலில் நின்றன, மதராஸி உணவு எலிகள் கடைசியில். நம் சாப்பாட்டைப் பற்றிய அந்தத் தீர்ப்பு நூறு வருடமாக அங்கேயே இருக்கிறது. படிக்க எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே மக்காரிசன் காலத்து ஆய்வுகள்தான் இன்னொன்றையும் காட்டின: பெரிபெரி நோய் ஆந்திரக் கரையோரத்தில் மில் பச்சரிசி தின்ற ஊர்களைப் பிடித்தது, புழுங்கல் தின்ற தமிழ் ஊர்களை விட்டுவிட்டது. நெல்லை அவிக்கும்போது உமிக்கு அடுத்த தோலிலிருக்கும் பி உயிர்ச்சத்துகள் அரிசிக்குள்ளே இறங்கிக்கொள்கின்றன. பிறகு மில்லில் தேய்த்தாலும் முழுக்கப் போவதில்லை. நெல்லவிக்கும் அந்தப் பெரிய அண்டாவும், களத்தில் காயும் புழுங்கல் வாடையும் ஒரு நோயைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. அவித்த பெண்களுக்கு இது தெரியாது. அவித்தால் அரிசி நொறுங்காது என்பதற்காக அவித்தார்கள்.

வயலையும் பார்க்க வேண்டும். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் ஏடிடி 27 என்ற நெல் ரகம் வந்தது. 1960-61இல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்ததன் தொடர்ச்சி அது. ஆறு மாதம் நின்ற காட்டுயானம் என்ற பழைய ரகத்தின் இடத்தில் நாலு மாதத்துக்குள் அறுவடையாகும் குறுவை நின்றது. அதனால் சோறு கிடைத்தது. அதை மறந்து பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. இன்னொரு படி நெல் கூலி கேட்ட சச்சரவு 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்களைத் தீயில் கொண்டுபோய் முடிந்த மண் இது. இங்கே விளைச்சல் கூடியதை வெறும் புள்ளிவிவரமாக யாரும் பேச முடியாது. ஆனால் பூச்சிமருந்தோடு வயலிலிருந்து போனவை எவையென்றும் பார்க்க வேண்டும்: நண்டு, நத்தை, கெளுத்தி, குறவை, வரப்பில் தானாக முளைத்த பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். பண்ணையாளின் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தவை இவைதான், காசு கொடுக்காமல் கிடைத்தவை. பழையதைப் பற்றி இத்தனை பேசுகிற நாம் இந்தப் பக்கத்துக் கிண்ணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. குடலில் வகைவகையான உயிர்கள் வாழ வகைவகையான நார் வேண்டும். வெறும் சோறு, ஊறினாலும் ஊறாவிட்டாலும், ஒரே வகை. என்னைக் கேட்டால் டெல்டாவின் வயிறு இழந்ததில் பெரியது நீராகாரம் இல்லை, வரப்புக்கீரை. இன்றும் தாளடி நெல்லை அறுக்கும் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளிக்கிறார்கள். தண்ணீர் விடாமல் மண்ணின் ஈரத்திலும் பனியிலும் அது விளைந்துவிடுகிறது. விளைந்தது மூட்டை கட்டி வியாபாரிக்குப் போகிறது. பயறு விளைந்த வீட்டில் பயறு எவ்வளவு தங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலும் விதைக்கு எடுத்துவைத்ததைக் காட்டுகிறார்கள். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்துத் திருவிழா நடத்தினார். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பிழைத்துக்கொண்டன. ஆனால் அந்த அரிசி பெரும்பாலும் நகரத்துக் கடையில் அழகான பையில் இருக்கிறது. அதை விளைவிக்கும் ஊரின் கூலிவீட்டில் ரேஷன் அரிசி வேகிறது.

இப்படியெல்லாம் எழுதும்போதே என்னைத் தடுத்து நிறுத்துகிற ஒன்றும் உண்டு. பழைய குடல் நல்ல குடல் என்று யார் சொன்னது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாதனும் 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு கொள்ளைநோய்போலப் பரவியதை ஆராய்ந்தார்கள். நோயாளிகளை மட்டுமல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களின் சிறுகுடலையும் துளி எடுத்துப் பார்த்தபோது, அதன் மயிரிழை போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. ஓயாமல் அழுக்குத் தண்ணீரையும் கிருமிகளையும் எதிர்கொண்ட குடல் அது. தின்றதில் ஒரு பங்கை உறிஞ்சாமலே விட்டது. அந்தக் கிராமங்களும் கஞ்சியும் கூழும் பழையதும் உண்டவைதாம். டெல்டாவின் வாய்க்காலில் காலரா வந்த ஆண்டுகளும் உண்டு. வெறுங்காலோடு சேற்றில் நின்றவர்களின் ரத்தத்தைக் கொக்கிப்புழு குடித்தது. ஆகையால் பழைய நுண்ணுயிர்ச் செல்வம், இழந்த சொர்க்கம் என்றெல்லாம் படிக்கும்போது, அந்தச் செல்வத்தோடு கூடவே வந்த பிள்ளைச் சாவுகள் என் கண்முன் வருகின்றன. சுத்தமான தண்ணீர் வந்தது. கழிப்பறை வந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1950களின் இறுதியில் வந்தது. இவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு நோய்க்கூட்டம் வெளியேறிய வாசலில் இன்னொரு கூட்டம் நுழைந்திருக்கிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் கணக்கின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. குடல் அழற்சி நோய் நகரத்தாருக்குத்தான் வரும் என்ற எண்ணமும் ஆட்டங்கண்டுவிட்டது. ஹைதராபாத்தில் வயிற்றுக் கோளாறோடு வந்த நோயாளிகளைப் பார்த்ததில் கிராமம், நகரம் இரண்டிலும் அது கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது.

நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வாய்க்கால் கரையில் ஒரு குழு விடியலில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அலுமினியப் பானையில் தண்ணீரில் கிடந்த முந்தின இரவுச் சோறு, கிள்ளிப் போட்ட பச்சைமிளகாய், கையால் நசுக்கிய வெங்காயம், மேலே கடுகெண்ணெய். பாந்தா பாத் என்றார் ஒருவர். அதே நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் டீக்கடையில் பன்னும் டீயும், சிலர் முந்தின இரவு வாங்கிய பரோட்டாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்தவுடன் பெரிய உண்மை கிடைத்துவிட்டதாக நான் குதிக்கவில்லை. அந்த வங்காளத்து இளைஞர்கள் விருப்பப்பட்டா அதைச் சாப்பிட்டார்கள்? ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், அடுப்பு மூட்ட நேரமில்லை. அந்த மூதாட்டி இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். நீராகாரம் இந்த வயலைவிட்டு இன்னும் போகவில்லை. மிகக் குறைந்த கூலிக்கு யார் வேலை செய்கிறார்களோ அவர்களோடு சேர்ந்து அது இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

ரேஷன் கடைக்குச் செறிவூட்டிய அரிசியும் வந்தது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்துச் செய்த அரிசிமணிகளைக் கலந்தார்கள். கழுவும்போது நிறம் மாறித் தெரிகிற அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிந்த வீடுகள் உண்டு. ரத்தசோகை இருக்கும் ஊரில் இரும்பு கொடுப்பது தேவைதான். ஆனால் மில்லில் தவிட்டோடு எடுத்ததில் ஒரு பங்கைத் தொழிற்சாலையில் செய்து திரும்ப வைத்தோம்; நாரைத் திரும்ப வைக்கவில்லை. தமிழக அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில்தான் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் வெறும் வயிற்றோடோ நீராகாரத்தோடோ பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் ஊர் அது. இன்று உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சூடாக, காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கின்றன. இதைவிடப் பெரிய காரியம் இந்த விஷயத்தில் எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அதனிடம் கூடுதலாகக் கேட்கத் தோன்றுகிறது. ரவைக்குப் பதிலாக வாரத்தில் சில நாளாவது தவிடு முழுக்கப் போகாத டெல்டா அரிசி ஏன் கூடாது? சாம்பாரில் முருங்கைக்கீரை ஏன் கூடாது? மாசி, பங்குனியில் டெல்டா ஊர்களைச் சுற்றியே விளைந்து மூட்டையாகிற பச்சைப்பயற்றை, வியாபாரியின் லாரி வருமுன் பள்ளிச் சமையற்கூடம் வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்தால் விலைக்கு ஏங்கும் விவசாயிக்கும் அது நல்லது. கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, மகளிர் குழுக்கள் காலையில் அடுப்பு மூட்டுகின்றன, வயல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.